வண்டி யார் பேர்ல? பைக் ரிஜிஸ்ட்ரேசன் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன தடவ லைசென்ஸ் பத்தி எழுதுன பொறவு வந்த லெட்டரையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன். பைக் வாங்குத ஆளுக மைலேஜ் கேக்காவ, இஎம்ஐ கேக்காவ, ஆனா ஆர்சில (வண்டியோட பதிவுச் சான்றுல) யார் பேரு வரணும்னு கடைசி நிமிசத்துலதான் யோசிக்காவ, ஷோரூம்ல பேனாவக் கையில குடுத்த பொறவு. அந்தப் பேருதான் பொறவு போலீஸ் கேஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கோர்ட்டுலயும் வந்து நிக்கும். அதனால இந்தத் தடவ முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. கேட்டவங்க பேரப் போடல, ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

களக்காடு வாசகி: மகன் பிளஸ் டூ முடிச்சிட்டான், காலேஜுக்குப் பாளையங்கோட்டை போவணும். வயசு பதினேழரை. அவன் பேர்லயே பைக் எடுத்துட்டா பொறவு பேரு மாத்துத அலைச்சல் இல்லன்னு அவன் அப்பா சொல்லுதாவ. எடுக்கலாமா?

இன்னும் ஆறு மாசம் பொறுங்கம்மா, அதான் என் பதில். ஏன்னு சொல்லுதேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988ல ஓனர்ன்னா யாருன்னு ரெண்டாவது பிரிவுலயே இருக்கு. யார் பேர்ல வண்டி பதிவாகி இருக்கோ அவரு ஓனர், அந்த ஆளு மைனரா இருந்தா அவரோட கார்டியன்தான் ஓனர். அப்போ ஆர்சில மகன் பேரு இருந்தாலும் சட்டத்துக்கு முன்னால நிக்கப்போறது நீங்களும் உங்க வீட்டுக்காரரும்தான். இன்னொன்னு, பதினெட்டு ஆவாத பையனோட கையெழுத்துக்கு ஒப்பந்தத்துல மதிப்பு கெடையாது, அதனால லோன்ல எடுக்கதா இருந்தா பைனான்ஸ்காரன் அவன் பேர்ல தரவே மாட்டான்.

ஆனா எனக்குப் பயம் பேப்பர் பத்தி இல்ல. வண்டி வாசல்ல நின்னா பையன் எடுக்கத்தான் செய்வான். 2019 திருத்தத்துல 199ஏ-ன்னு ஒரு பிரிவு வந்திருக்கு, அத ஒவ்வொரு அப்பா அம்மாவும் ஒரு தடவையாவது கேட்டுக்கிடணும். பதினெட்டு ஆவாத பிள்ள வண்டி ஓட்டித் தப்பு நடந்தா கார்டியனுக்கும் வண்டி ஓனருக்கும் மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, 25,000 ரூபா அபராதம், வண்டியோட ரிஜிஸ்ட்ரேசன் 12 மாசத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயசு முடியுற வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. எங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னா போதாது, தெரியாதுங்கிறத நாமதான் நிரூபிக்கணும், கோர்ட்டு நமக்குத் தெரியும்னு வச்சிக்கிட்டுதான் ஆரம்பிக்கும். காலேஜ் படிக்கப் போற பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் இல்லைன்னா, படிச்சு முடிச்சு வேலைக்குப் போற அந்த முக்கியமான வருசம் பூரா அவன் பஸ்ஸதான் நம்பி நிக்கணும்.

16 வயசுல ஓட்டலாமேன்னு சிலபேரு சொல்லுதாவ. அது 50 சிசிக்கு மேல போவாத வண்டிக்கு மட்டும். நம்ம பக்கம் வயக்காட்டுக்கும் கடைக்கும் ஓடுற டிவிஎஸ் எக்ஸ்எல்ல வச்சிக்கிட்டு "இது சின்ன வண்டிதானே"ன்னு பையன் கையில குடுத்துருதாவ, இப்ப வர எக்ஸ்எல் 99.7 சிசி, அதுக்கு முழு லைசென்ஸ் வேணும். காலேஜுக்கு ஆறு மாசம் பஸ்ல போவட்டும். பதினெட்டு ஆன அன்னைக்கு எல்எல்ஆர் (பழகுறதுக்கு உள்ள லைசென்ஸ்) போடுங்க, பக்கா லைசென்ஸ் கையில வந்ததும் அவன் பேர்லயே எடுத்துக் குடுங்க.

மேலப்பாளையம் வாசகி: வீட்டுக்காரர் துபாய்ல இருக்காங்க. ஸ்கூட்டி என் பேர்ல எடுக்கச் சொல்லுறாங்க, எனக்கு இன்னும் லைசென்ஸ் இல்ல. லைசென்ஸ் இல்லாதவங்க பேர்ல ரிஜிஸ்டர் பண்ணுவாங்களா?

பண்ணலாம்மா. வண்டி வச்சிருக்கதுக்கும் வண்டி ஓட்டுறதுக்கும் சட்டத்துல தனித்தனி கணக்கு, ஓனரா பதிவாக லைசென்ஸ் வேணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துல இல்ல. அட்ரஸ் ப்ரூப், வயசு ப்ரூப், பான் கார்டு (பான் இல்லைன்னா பார்ம் 60), போட்டோ இதெல்லாம் உங்களோடது இருந்தாப் போதும்.

ஆனா ஒரு விசயம் ஷோரூம்ல சொல்ல மாட்டாவ. புது வண்டி எடுக்கும்போது இன்சூரன்ஸோட ஓனர் டிரைவருக்கு 15 லட்ச ரூபா பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் ஒண்ணு சேந்து வரும், அதுக்கும் பணம் வாங்குவாவ. அது ஓனர்கிட்ட செல்லுபடியாகுற லைசென்ஸ் இருந்தாத்தான் கெடைக்கும். லைசென்ஸ் இல்லாதவங்க அதுக்குப் பணம் கட்டியும் பிரயோசனம் இல்ல, கட்ட வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம். அதவிட நல்ல வழி, வண்டி வாரதுக்கு முன்னாடியே எல்எல்ஆர் போட்டு லைசென்ஸ் வாங்கிட்டு அந்தக் கவரையும் சேத்து எடுங்க. குடும்பத்துக்கு அது ரொம்ப முக்கியம். இப்ப யாரு ஓட்டுவாங்கன்னு நீங்க எழுதல. தம்பியோ மச்சினனோ ஓட்டுறதா இருந்தா அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கான்னு கண்ணால பாருங்க, லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு வண்டி குடுத்தா ஓனருக்கும் தனியா ஃபைன் உண்டு.

மறக்காம இன்னொன்னும் செய்யுங்க. பார்ம்ல மொபைல் நம்பர்னு இருக்க எடத்துல உங்க நம்பர எழுதுங்க. அவசரத்துல ஷோரூம் பையன் அவன் நம்பரயோ ஏஜென்ட் நம்பரயோ போட்டுருவான், பொறவு ஓடிபி, சலான் மெசேஜ் எல்லாம் யாருக்கோ போயிக்கிட்டு இருக்கும்.

ஆலங்குளம் வாசகர்: சொந்த ஊரு கோவில்பட்டி பக்கம், ஆதார் அங்கனதான் இருக்கு. வேலை திருநெல்வேலியில, வாடகை வீடு ஆலங்குளத்துல. எந்த ஆர்டிஓ ஆபீஸ்ல பதியணும்?

முன்னாடி நீங்க குடியிருக்க இல்ல தொழில் பண்ணுத எடத்து ஆபீஸ்லதான் பதியணும்னு இருந்துச்சு. 2019 திருத்தத்துக்குப் பொறவு மாநிலத்துக்குள்ள எந்தப் பதிவு அலுவலகத்துலயும் பதியலாம்னு 40வது பிரிவ மாத்திட்டாவ. அதனால டிஎன் 72 திருநெல்வேலி வேணுமா, டிஎன் 76 தென்காசி வேணுமா, டிஎன் 96 கோவில்பட்டி வேணுமான்னு பெருசா மண்டைய ஒடைக்க வேண்டாம். அட்ரஸ் ப்ரூப்ல என்ன இருக்கோ அந்த அட்ரஸ் ஆர்சில வரும், அவ்வளவுதான். ஆனா நீங்க நெசமா இருக்க அட்ரஸ் ஆர்சில இருக்கது நல்லது, நோட்டீஸ் வந்தா அங்கதான் வரும். குடி மாறுனா 30 நாளைக்குள்ள பார்ம் 33 குடுத்து மாத்திக்கிடணும்.

செங்கோட்டை வாசகர்: புனலூர்ல இருக்க மச்சான் அவரு பைக்க எனக்குக் குறைச்ச விலைக்குத் தாராரு. கேஎல் நம்பரோடயே ஓட்டிக்கிடலாமா? புளியரை தாண்டுனா கேரளாதானே.

வாங்கலாம். அப்படியே ஓட்ட முடியாது. வேற மாநிலத்து வண்டி இங்க 12 மாசத்துக்கு மேல நின்னா புது நம்பர் வாங்கணும்னு 47வது பிரிவு சொல்லுது. அதப் படிச்சிட்டு ஒரு வருசம் டைம் இருக்குன்னு நெனைக்காவ, ஆனா உங்க விசயம் வேற. நீங்க வெலைக்கு வாங்குறீங்க, ஓனரே மாறுதாரு, அதுக்கான கெடு தனி. வித்தவரு வேற மாநிலத்துக்கு வித்தா 45 நாளைக்குள்ள சொல்லணும், வாங்குனவரு 30 நாளைக்குள்ள தன்னோட ஆபீஸ்ல விண்ணப்பிக்கணும்.

முதல்ல மச்சான் அவரு ஆபீஸ்ல பார்ம் 28 குடுத்து என்ஓசி (ஆட்சேபம் இல்லைன்னு தர சான்று) வாங்கட்டும். லோன் இருந்தா பார்ம் 35 வாங்கி எச்பி (ஆர்சில இருக்க லோன் பதிவு) கேன்சல் பண்ணிட்டுத்தான் என்ஓசி. பழைய சலான் நிலுவை இருந்தா கட்டச் சொல்லுங்க. பொறவு பேரு மாத்த பார்ம் 29, 30, அதோட புது நம்பருக்கு பார்ம் 27. வண்டிய பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்கணும். சேஸிஸ் நம்பர் மேல பேப்பர வச்சுப் பென்சிலால தேச்சு எடுக்க அந்தப் பிரிண்ட்டும் ஆர்சில இருக்கதும் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது, துருப்புடிச்சு நம்பர் அழிஞ்சிருந்தா அங்கனயே நின்னுரும். அதனால பணம் குடுக்கதுக்கு முன்னாடி ஹேண்டில்பாருக்குக் கீழ நெக்ல ஒரு துணியால தொடச்சு நீங்களே படிச்சுப் பாத்துக்கிடுங்க. தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸும் (ஆயுள் சாலை வரி) வண்டி வயசுக்கு ஏத்தாப்ல இங்க கட்டணும். அதையும் கூட்டிப் பாத்துட்டு வெல பேசுங்க, மச்சான்கிட்ட கொறச்சுக் கேக்குறதுல தப்பில்ல.

அம்பாசமுத்திரம் வாசகர்: அப்பா தவறி எட்டு மாசம் ஆச்சு. அப்பா ஓட்டுன ஸ்ப்ளெண்டரத்தான் நானும் தம்பியும் ஓட்டுறோம். வீட்ல எல்லாருக்கும் சேந்த சொத்துதான, பேரு மாத்தாம ஓட்டக்கூடாதா?

அப்பா வண்டிய விடவும் மனசு வராது, அந்தப் பேர அழிக்கவும் மனசு வராது. நெறைய வீட்ல இப்படித்தான் அந்த வண்டி வருசக்கணக்கா அப்பா பேர்லயே ஓடுது. ஆனா இத இனிமே தள்ளிப் போடாதீங்க தம்பி.

சட்டம் வாரிசுகளுக்கு ஒரு இடைவெளி குடுத்திருக்கு. தவறி 30 நாளைக்குள்ள ஆபீஸ்ல தெரிவிச்சா மூணு மாசம் வரைக்கும் அந்த வண்டிய நம்மளே பயன்படுத்தலாம், அதுக்குள்ள பார்ம் 31 போட்டுப் பேர மாத்தணும். உங்களுக்கு அந்தக் கெடு முடிஞ்சிட்டு. தாமதத்துக்கு உள்ள கட்டணத்தக் கட்டி இப்பவும் மாத்தலாம், ஒண்ணும் கை மீறிப் போவல.

என் கவலை இன்சூரன்ஸ். பாலிசி அப்பா பேர்லதானே இருக்கு? ஓனர் இறந்தா பாலிசி அன்னைக்கே செத்துப் போவாது, மூணு மாசமோ பாலிசி முடியுற தேதியோ எது முந்தியோ அதுவரைக்கும் இருக்கும். அதுக்குள்ள வாரிசு பேருக்கு மாத்தணும். எட்டு மாசம் ஆயிட்டுன்னா இப்ப நீங்க ஓட்டுறது பேப்பர் இல்லாத வண்டி மாதிரித்தான். அம்பை பாபநாசம் ரோட்ல வளைவுல ஒருத்தர இடிச்சிட்டா அந்தக் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு யாரு குடுக்கது? இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சா அப்பா விட்டுட்டுப் போன வீட்டுக்கும் நிலத்துக்கும் மேல வந்து நிக்கும். அதனால பேரு மாறுற வரைக்கும் வண்டிய வெளிய எடுக்காதீங்க, இத ரொம்ப வேண்டிக் கேட்டுக்கிடுதேன்.

வேண்டிய பேப்பர்: இறப்புச் சான்று, தாசில்தார் ஆபீஸ்ல வாங்குற வாரிசுச் சான்று (இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம்), ஆர்சி, இன்சூரன்ஸ். பொறவு யார் பேருக்கு மாறுதோ அவரத் தவிர மத்த வாரிசுக எல்லாரும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதித் தரணும், அம்மா, தம்பி, கட்டிக் குடுத்த அக்கா தங்கச்சி உட்பட. அக்கா வெளியூர்லன்னு விட்டுட்டுப் போவாதீங்க, அங்கதான் பேப்பர் திரும்பி வரும்.

மத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிடுதேன். 2021லருந்து ஆர்சில நாமினி பேரு சேக்கலாம். புது வண்டி எடுக்கும்போதே சேக்கலாம், பழைய வண்டிக்கு ஆன்லைன்லயும் சேக்கலாம். அப்படி இருந்தா அந்த நாமினி பேருக்கு மாத்துறது லேசா முடியும். பேங்க் அக்கவுண்டுக்கு நாமினி போடுத நம்ம ஆளுக வண்டிக்குப் போடுறதே இல்ல.

வள்ளியூர் வாசகர்: ரெண்டு வருசத்துக்கு முன்னால பைக்க வித்துட்டேன். வாங்குனவரு பார்ம்ல கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. இப்ப எனக்கு சலான் வருது. நான் என்ன செய்ய?

நம்ம பக்கம் பழைய வண்டி வியாபாரம் எப்படி நடக்குன்னு எல்லாருக்கும் தெரியும். டீக்கடை பெஞ்சுல வச்சு பார்ம் 29, பார்ம் 30 ரெண்டையும் நீட்டுவாவ. வாங்குறவரு பேரு எடம் காலி, தேதி எடம் காலி, கீழ நம்ம கையெழுத்து மட்டும். ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு, பணம் கைமாறும், வண்டி போயிரும். அந்தப் பேப்பர் அப்படியே காலியா இன்னொரு கைக்குப் போவும், அங்கருந்து இன்னொரு கைக்கு. கடைசியா யாரு ஓட்டுறான்னு உங்களுக்குத் தெரியாது, ஆனா ஆபீஸ் கணக்குல இன்னும் ஓனரு நீங்கதான்.

சலானாவது காசோட போவும். 2018ல நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தெளிவாவே சொல்லிட்டு: வண்டி எத்தன கை மாறியிருந்தாலும் விபத்து நடந்த அன்னைக்கு ஆர்சில யார் பேரு இருக்கோ அவருதான் ஓனர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். அந்த வழக்குல கார மொத ஆளு இன்னொருத்தருக்கு வித்து, அவரு இன்னொருத்தருக்குன்னு போய்க்கிட்டே இருந்துச்சு, ஆனா ரெக்கார்டுல மொத ஆளு பேரு அப்படியே இருந்துச்சு. கோர்ட்டுல நின்னது அவருதான்.

இப்ப செய்ய வேண்டியது: மொதல்ல அந்த ஆளப் புடிச்சு 29, 30 ஆபீஸ்ல போட வைங்க. ஆளு சிக்கலைன்னா, வித்ததுக்கு உள்ள ஆதாரம் எது இருந்தாலும் (பணம் வந்த பேங்க் மெசேஜ், வாட்ஸ்அப், ரசீது) அதோட வச்சு ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல குடுத்து சீல் வச்ச நகல் வாங்கிக்கிடுங்க, ஸ்டேசன்லயும் ஒரு மனு குடுத்து ரசீது வாங்குங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்க. இதெல்லாம் பண்ணதால பொறுப்பு முழுசா போயிரும்னு நான் பொய்யா சொல்ல மாட்டேன், பேரு மாறுனாத்தான் போவும், ஆனா நீங்க சும்மா இருக்கலைன்னு காட்ட இதுதான் வழி.

இனிமே வண்டி விக்கிறவங்க தேதி, வாங்குறவரு பேரு, அட்ரஸ் எல்லாத்தையும் நீங்களே கையால எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க. தமிழ்நாட்டுக்குள்ள வித்தா 14 நாளைக்குள்ள தெரிவிக்கணும்னு சட்டம் வித்தவருக்குத்தான் சொல்லுது. பேரு மாறுன ஆர்சிய எம்பரிவாஹன்ங்கிற சர்க்கார் ஆப்ல பாத்த பொறவு பாக்கிப் பணம்னு பேசி, ஒரு சின்னத் தொகைய நிறுத்தி வச்சிக்கிட்டா வாங்குனவரே ஓடி ஓடி மாத்துவாரு.

பேட்டை வாசகர்: ஷோரூம்ல இன்னைக்கே வண்டிய எடுத்துட்டுப் போங்க, நம்பர் பொறவு வரும்னு சொல்லுறாங்க. நல்ல நாளு பாத்து வச்சிருக்கோம், எடுத்துரலாமா?

நம்பரோ டெம்பரரி ரிஜிஸ்ட்ரேசனோ இல்லாம டீலரு வண்டியக் குடுக்கவே கூடாது, மத்திய மோட்டார் வாகன விதிகள்ல விதி 42. 'ஃபார் ரிஜிஸ்ட்ரேசன்'னு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு ஓட்டுறதுக்குச் சட்டத்துல எந்த மரியாதையும் இல்ல, பதியாத வண்டின்னு மொத தடவ 2,000லருந்து 5,000 வரைக்கும் ஃபைன். நல்ல நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே முழுப் பணத்தையும் கட்டிப் பதிவு முடிச்சிட்டு, அன்னைக்கு நம்பரோட வெளிய கொண்டு வந்து பூசை போடுங்க.

பில்லப் பாக்கும்போது லைஃப் டாக்ஸப் பாருங்க. 2023 நவம்பர்லருந்து தமிழ்நாட்டுல பைக் வெல ஒரு லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல போனா 12 சதவீதம். பதிவுக் கட்டணம் 300 ரூபா. ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஏதாவது எழுதியிருந்தா அது எதுக்குன்னு கேளுங்க, அது சர்க்கார் கட்டணம் இல்ல. ஹெல்மெட்டு வண்டியோட தரணும்னும் விதி 138ல இருக்கு, அதையும் கேட்டு வாங்குங்க. 2019 ஏப்ரல்லருந்து தயாரான வண்டிக்கெல்லாம் ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட் கம்பெனியே தரும், அத எடுத்துட்டுப் பேன்சி பிளேட் மாட்டாதீங்க.

திசையன்விளை வாசகர்: அண்ணனோட பழைய புல்லட், பதினஞ்சு வருசம் தாண்டி மூணு வருசமா ஷெட்லயே நிக்கு. இனிமே ஓட்ட முடியுமா?

முடியும். பைக்குக்கு மொதப் பதிவு 15 வருசம், பொறவு பார்ம் 25 போட்டு அஞ்சஞ்சு வருசமா புதுப்பிக்கலாம், வண்டி நல்ல நெலமையில இருக்கணும். 20 வருசம் தாண்டாத பைக்குக்குப் புதுப்பிக்கக் கட்டணம் 1,000, தாமதத்துக்கு மாசம் 300 வச்சு ஏறும், பசுமை வரியும் உண்டு. மூணு வருசத்துக்குக் கணக்குப் போட்டாலே பத்தாயிரத்துக்கு மேல போவும், அதனால இன்னும் ஒரு மாசமும் தள்ளாதீங்க. கலர், சைலன்சர், ஹேண்டில்பார் எதையாவது மாத்தியிருந்தா ஆர்சில இருக்கபடி திருப்பிட்டு வண்டியக் காட்டப் போங்க. பேரு அண்ணன் பேர்லன்னா அவரு கையெழுத்து வேணும்.

முக்கூடல் வாசகி: லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேசன் வேண்டாம்னு சொல்லி எலக்ட்ரிக் ஸ்கூட்டர் விக்கிறாங்க. நெசமா?

மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள இருந்து, அரசு அங்கீகாரம் உள்ள டெஸ்டிங் ஏஜென்சி சர்டிபிகேட்டும் இருந்தா நெசம்தான். ஆனா வித்துட்டு ஒரு ஒயரக் கழட்டி விட்டா 40, 45ல ஓடும்னு கடைக்காரரே சொல்லுவாரு. அந்த ஒயரக் கழட்டுன நிமிசம் அது பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூணும் வேண்டிய வண்டி ஆயிருதும்மா, ரோட்ல ஒண்ணு ஆனா எந்தப் பேப்பரும் கையில இருக்காது. வேகம் வேணும்னா பச்சை நம்பர் பிளேட்டோட பதிவாகி வர வண்டியா எடுங்க, மின்சார வண்டிக்குப் பதிவுக் கட்டணமே கெடையாது. வயசான ஆச்சி கோயிலுக்குப் போக, கடைக்குப் போகத்தான்னா அந்த 25 கிலோமீட்டர் வண்டியே போதும், சர்டிபிகேட் நகல மட்டும் பில்லோட சேத்து வாங்கிக்கிடுங்க.